எண்பதோடு நிறுத்துகிற எஸ்தெலா

பாகியோ மலைநகரத்தில் எஸ்தெலா வாக்கித்தைக் கஞ்சம் என்று சொன்னவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் சமைத்ததைத் தின்றவர்கள்தான். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எஸ்தெலாவுக்கு ஐம்பத்தொரு வயது. வீடு வீடாகப் போய் மின் மீட்டரில் ரீடிங் எடுப்பது வேலை. பாகியோவில் சமதரை என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிக்கூட மைதானத்துக்குத்தான் போக வேண்டும். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். இருபத்திரண்டு வருஷம் அந்த ஊரின் படிகளையும் சந்துகளையும் நடந்தே தேய்த்தவள், முழங்கால் கைவிட்ட வருஷத்தில் ஒரு சக்கரம் வாங்கினாள். நடுவில் ஒரே ஒரு டயர், இரண்டு பக்கமும் கால் வைக்க மிதி, உள்ளே பேட்டரியும் மோட்டாரும். முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. "என்ன, சர்க்கஸ்ல வேலை கெடச்சுதா?" என்று தெருவே கேட்டது. மூன்றே மாதத்தில் அதே தெரு, அவள் வருகிற சத்தம் கேட்டால் நாயைப் பிடித்துக் கட்டிவிட்டு வழிவிட ஆரம்பித்தது.

சக்கரக்காரர்களுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. ஊர்விட்டு ஊர் போகும்போது சக்கரத்தைக் கூடவே கொண்டுபோக முடியாது. அவ்வளவு பெரிய பேட்டரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், பஸ்காரர்களும் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் தலைக்கவசத்தையும் மணிக்கட்டுக் காப்பையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். போய் இறங்குகிற ஊரில் யாராவது ஒருவர் தன் சக்கரத்தைத் தூக்கிக் கொடுப்பார். முகம் பார்த்தறியாத ஆளுக்கு, வாடகை இல்லாமல், கையெழுத்து இல்லாமல். நாளைக்கு இவர் அந்த ஊருக்குப் போனால் இவருக்கும் அதே உபசாரம். யார் யார் கொடுப்பார்கள் என்று ஊர்வாரியாக ஒரு பட்டியல் அவர்களுடைய குழுவின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. பாகியோவுக்கு ஆறு பெயர். அதில் எஸ்தெலா ஒருத்திதான் பெண்.

அவளுடைய இபலோய் மலைச் சனங்களுக்குள் பன்றி அடித்து ஊருக்கே சோறு போடுகிறவனுக்குத்தான் மதிப்பு. எஸ்தெலாவின் அப்பாவுக்கு ஆயுளில் ஒருமுறைகூட அதற்கு வசதி வந்ததில்லை. பட்டியலில் தன் பெயர் ஏறிய அன்று எஸ்தெலா, தானே அந்த விருந்தைப் போட்டுவிட்டவளைப் போலத் தலை நிமிர்ந்து நடந்தாள்.

தலைகுனிவும் அந்தப் பட்டியலிலிருந்துதான் வந்தது. சக்கரம் கொடுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேட்டரியை நூறு சதவீதம் வரைக்கும் நிரப்பி, சக்கரத்தின் சின்னத் திரையில் 'நூறு' என்று காட்டுவதைக் காட்டி, விருந்தாளியும் கொடுத்தவரும் சேர்ந்து நின்று படம் எடுத்துப் போடுவார்கள். மணிலாக்காரர்கள் ஆரம்பித்த வழக்கம். எஸ்தெலாவின் படங்களில் மட்டும் எண்பது, எண்பத்தொன்று என்றுதான் இருக்கும். போன வருஷம் பாசிக் நகரத்து ஆள் ஒருவன், அவள் சக்கரத்தை இரண்டு நாள் ஓட்டிவிட்டு, அவள் வைத்த பன்றிக்கறிக் குழம்பையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, "கொடுக்கிறதுதான் கொடுக்கிறாய், நிறையக் கொடுத்தால் என்ன?" என்று எழுதிப் போட்டான். நூற்றுச் சொச்சம் பேர் அதற்குச் சிரித்தார்கள். அன்றைக்கு அவளுக்கு 'எண்பது மனாங்' என்று பெயர் விழுந்தது. மனாங் என்றால் அக்கா. மரியாதையோடுதான் அவமானப்படுத்தினார்கள்.

பதினாலு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு பாகியோவுக்கு வந்த ஒரு விருந்தாளிகூட அவள் சக்கரத்தைக் கேட்கவில்லை.

அவள் நூறு நிரப்பாததற்குக் காரணம் அவள் மணிக்கட்டில் இருந்தது. சக்கரம் வாங்கிய இரண்டாம் மாதம், காலையில் நூறு நிரப்பிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அவள் வீடு மேட்டின் உச்சியில். வாசலைத் தாண்டினால் ஒரே இறக்கம். முந்நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டாள், சக்கரம் கீச்கீச்சென்று கத்தியது. மிதி இரண்டும் முன்பக்கம் தூக்கின. அந்தச் சரிவில் எங்கே நிற்பது? அடுத்த கணம் சக்கரம் செத்துப்போனது, அவள் சாலையோரம் அடுக்கியிருந்த முட்டைக்கோஸ் மூட்டைகள் மேல் போய் விழுந்தாள். மூட்டைகள் தப்பின, மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் வீட்டில் இருந்தபோது அதையே யோசித்தாள். அவளுடைய ரோந்தில் ஒரு வீடு உண்டு. கூரையில் சூரியத் தகடு போட்ட வீடு. நல்ல வெயில் நாளில் அந்த வீட்டுப் பழைய மீட்டரின் வட்டு பின்னோக்கிச் சுற்றும். வீடு கம்பிக்குள் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். இறக்கத்தில் சக்கரமும் அதைத்தானே செய்கிறது என்று அவளுக்கு உறைத்தது. வேகத்தை அடக்க அடக்க மோட்டாரிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குள் திரும்பிப் போகிறது. பேட்டரியில் இடமிருந்தால் வாங்கிக்கொள்ளும். கழுத்துவரை நிரம்பியிருந்தால் எங்கே வாங்கும்? கத்தும், தள்ளும், கடைசியில் கைகழுவிவிடும்.

பாசிக்காரன் எழுதியபோது இதையெல்லாம் அவள் விளக்கமாகப் பதில் எழுதினாள். மணிலாவில் நூறு சரி, மலையில் எண்பதுதான் உபசாரம் என்று எழுதினாள். யார் படித்தார்கள்? பாகியோ குழுவின் தலைவன் ஹிலாரியோ தபாங்கின் மட்டும் பதில் போட்டான்: "மனாங், எட்டு வருஷமா நூறு போட்டுத்தான் ஓட்டுறேன். என் சக்கரம் ஒரு நாளும் கத்தினது இல்ல." ஹிலாரியோ பொய் சொல்கிற ஆள் இல்லை. இரும்புக்கடை வைத்திருக்கிறான், கை தாராளம், வாயும் தாராளம். அவன் கடையும் வீடும் ஊரின் அடிப்பள்ளத்தில் இருக்கின்றன. எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதலில் ஏற்றம். உச்சிக்குப் போய்ச் சேரும்போது பேட்டரியில் தானாக இடம் விழுந்திருக்கும். எட்டு வருஷம் பள்ளத்தில் குடியிருந்ததுதான் அவன் ஞானத்துக்குக் காரணம்.

இந்த அக்டோபரில் ஹிலாரியோ அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். புது வருஷத்துக்குப் பட்டியலைத் திருத்தப் போவதாகவும், யாரும் கேட்காத பெயர்களை எடுத்துவிடலாம் என்று மற்றவர்கள் சொல்வதாகவும், ஞாயிற்றுக்கிழமை இலோய்லோவிலிருந்து வருகிற விருந்தாளியோடு அவளும் ஓட்ட வந்து, சிரித்த முகமாக நாலு படத்தில் நின்றால் தான் பேசிச் சமாளித்துவிடுவதாகவும் எழுதியிருந்தான். 'எண்பது பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம் மனாங்' என்று கடைசியில் ஒரு வரி. எஸ்தெலா அதை மூன்று முறை படித்தாள். அந்தப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது, வெட்கமில்லாத ஆசை. 'சரி' என்று பதில் போட்டாள்.

ஞாயிறு காலை டொமினிக்கன் மலை உச்சியில் கூடினார்கள். அங்கிருந்து இறங்கி ஆசின் சாலையைப் பிடித்து, ஆற்றங்கரை வெந்நீர் ஊற்று வரைக்கும் போவதாகத் திட்டம். பாதை முழுக்க இறக்கம். விருந்தாளி ஹோவென்சியோ பால்மாரெஸ் இலோய்லோத் துறைமுகத்தில் படகு ஊழியன். ஆள் ஆகிருதி பெரிது, குரல் சின்னது. கையில் தலைக்கவசம், அதற்குள் எல்லோருக்கும் கொண்டுவந்த பிஸ்கட் டப்பா.

"வா மனாங்," என்றான் ஹிலாரியோ. "இன்னைக்கு எத்தனை? எண்பதா, இல்ல விருந்தாளி வந்திருக்காருன்னு எண்பத்தொண்ணா?"

"எண்பத்திரண்டு. கண்ணை மூடிக்கிட்டு அள்ளி விட்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஹிலாரியோவின் மனைவி தெல்ஃபினா வேனின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே கம்பளி சுற்றி ஒரு புதுச் சக்கரம் இருந்தது. ஹிலாரியோ அதை இறக்கி வைத்துத் திரையைத் தட்டினான். நூறு.

எஸ்தெலாவின் சிரிப்பு நின்றது. "இதை நீ ஓட்டிக்கிட்டு மேல வரலையா?"

"விருந்தாளி ஏறப்போற சக்கரத்துல நான் ஏறி வருவேனா? என்னோடதுல நான் வந்தேன். இதைப் பூ மாதிரி வேன்ல வெச்சு தெல்ஃபினா கொண்டாந்தா. ஒரு புள்ளி கொறையல பாரு."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அவனே ஒரு சக்கரத்தை ஏற்றம் ஏற்றாமல் உச்சிக்குக் கொண்டுவந்து நூறோடு கொடுக்கிறான், அதுவும் உபசாரத்தை முன்னிட்டு. எஸ்தெலா சாலையைப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் சரிவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை.

வாயை மூடிக்கொண்டு கடைசி ஆளாகப் பின்னால் போயிருந்தால் பட்டியலில் பெயர் நின்றிருக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தன்மேலேயே எரிச்சல் வந்தது, அன்றைக்குச் 'சரி' என்று போட்ட விரல்மேலும் வந்தது.

"ஹிலாரியோ, இதை இவருக்குக் குடுக்காத," என்றாள்.

"மனாங், அந்தப் பேச்சு வேணாம்னு சொல்லியிருந்தேன்ல? விருந்தாளி முன்னாடி என்ன இது?"

"அவர் முன்னாடி பேசாம, அவர் கீழ விழுந்த பிறகா பேசுறது? இவர் எடைக்கு முதல் வளைவு தாண்டாது."

"எட்டு வருஷமா..."

"எட்டு வருஷமும் நீ ஏறிட்டுத்தான் எறங்கின. என் பேரை அடிச்சிரு. பட்டியலும் வேணாம், ஒண்ணும் வேணாம். சக்கரத்தை மாத்து."

ஹோவென்சியோ பிஸ்கட் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "எனக்காகச் சண்டை வேண்டாம் மனாங். நான் எதுல ஏறச் சொன்னாலும் ஏறுறேன்," என்றான்.

"அப்ப என்னோடதுல ஏறுங்க. அவர் புதுசுல நான் வரேன். எத்தனை கிலோ நீங்க? வெட்கப்படாம சொல்லுங்க."

"தொண்ணூத்தாறு."

"போன வருஷமா, இந்த வருஷமா?"

"நூத்திரண்டு," என்றான் ஹோவென்சியோ. தெல்ஃபினா வேனுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

எஸ்தெலா பையிலிருந்து கைப்பம்பை எடுத்தாள். தன் ஐம்பது கிலோ உடம்புக்கு வைத்த காற்று இவனுக்குப் போதாது. குழியில் விழுந்தால் வளையம் நசுங்கும். குந்தி உட்கார்ந்து அடித்தாள், விரலால் அழுத்திப் பார்த்தாள், மறுபடி அடித்தாள். அவள் சக்கரம் கீறலும் தேய்மானமுமாக ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. அவள் கால், அவள் சம்பளம், எல்லாம் அதுதான். மிதி கொஞ்சம் விறைப்பாக வைத்திருப்பேன், முதல் பத்து அடி மெதுவாகப் போய்ப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவன் கையில் கொடுத்தாள். ஹிலாரியோ இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபம்தான், ஆனாலும் விருந்தாளியின் எடையைத் தான் கேட்கவில்லை என்பது அவனுக்கு உறைக்காமல் இல்லை.

"நான் முன்னாடி போறேன். இருபதடி தள்ளி வாங்க. நான் குதிச்சா நீங்க நில்லுங்க," என்று சொல்லிவிட்டு எஸ்தெலா நூறில் ஏறினாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. முறிந்த மணிக்கட்டுக்கு மற்ற எலும்பைவிட ஞாபகசக்தி அதிகம் போலிருக்கிறது, ஏறின உடனே வலித்தது. புல் இருக்கிற ஓரமாக, நடக்கிற வேகத்துக்குமேல் விடாமல், பின்னால் சாய்ந்தபடியே இறங்கினாள். நூறு மீட்டர் போனாள். இருநூறு போனாள். சக்கரம் சமர்த்தாக ஓடியது. பின்னால் ஹிலாரியோ யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஒருவேளை புது மாடல்களுக்கு இந்த வியாதி இல்லையோ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது.

அப்போது கத்தியது. கீச்கீச்சென்று, பாறையில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்டது. மிதிகள் முன்பக்கம் எழும்பின. அவள் அதற்காகவே காத்திருந்தவள். சக்கரத்தைப் புல் பக்கம் தள்ளிவிட்டுக் குதித்தாள், நாலு எட்டு ஓடி நின்றாள். சக்கரம் ஒருக்களித்து விழுந்து சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே கிடந்தது.

ஹோவென்சியோ தன் இடத்தில் சரியாக இறங்கி நின்றான். ஹிலாரியோ ஓடிவந்து சக்கரத்தை நிமிர்த்தினான். தானே ஏறிப் பார்த்தான். நாலடி நகர்ந்ததும் அது மறுபடி கத்தி அவனைப் பின்னால் தள்ளியது. இறங்கினான். சாலையைப் பார்த்தான். இன்னும் நாலு எட்டில் வளைவு, வளைவில் தடுப்புக் கட்டை இல்லை. நூற்றிரண்டு கிலோ ஆள் அங்கே வந்து சேருகிற வேகத்தை அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது.

"மனாங், புதுசு கீறிடிச்சு," என்றான். என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது அது.

"கீறட்டும்," என்றாள் எஸ்தெலா. தன் முழங்கையில் சிராய்ப்பு இருப்பதை அவள் அப்புறம்தான் பார்த்தாள்.

புதுச் சக்கரம் வேனில் ஏறியது. ஹிலாரியோ தன்னுடையதை அவளுக்குக் கொடுக்கப் பார்த்தான். அவள் வாங்கவில்லை. "நீ விருந்தாளிகூட ஓட்டு. வளைவுக்கு வளைவு உனக்குத்தான் மனப்பாடம்," என்று சொல்லிவிட்டு வேனில் தெல்ஃபினா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வேன் அவர்களுக்குப் பின்னாலேயே இறங்கியது. பைன் மரங்களுக்கு நடுவே அவளுடைய கீறல் விழுந்த பழைய சக்கரம், நூற்றிரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு, ஒரு சத்தமில்லாமல் வளைந்து வளைந்து போயிற்று. இறங்க இறங்கப் பேட்டரிக்குள் வருகிறதையெல்லாம் வாங்கிக்கொண்டது, அதற்கு இடம் இருந்தது. பள்ளிக்கூட மேடையில் தன் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கிற தாயைப் போல எஸ்தெலா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓட்ட வந்த நாளில் தான் ஓட்டவில்லையே என்கிற வருத்தம் கொஞ்சம்கூட இல்லை.

"எங்க வீட்டுக்காரர் எட்டு நிமிஷமா பேசாம ஓட்டுறாரு," என்றாள் தெல்ஃபினா. "உடம்புக்கு ஏதாவது ஆயிடப்போவுது."

ஆற்றங்கரையில் சுட்ட பன்றிக்கறியும் சோறும் வந்தன. ஹோவென்சியோ இரண்டு தட்டு காலி செய்தான், இந்த மாதிரி ஓர் இறக்கத்தைத் தன் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று மெல்லிய குரலில் நாலைந்து முறை சொன்னான். ஹிலாரியோ சோற்றைத் தொடவில்லை. எழுந்து போய் ஆற்றைப் பார்த்து நின்றான். திரும்பி வந்து போனை எடுத்தான், எஸ்தெலாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு ஓர் எண்ணைப் போட்டான்.

திரையில் எழுந்த பெயரைப் பார்த்ததும் பாகியோக்காரர்களுக்கு யார் என்று உடனே புரிந்தது. தார்லாக்கைச் சேர்ந்த எல்மெர் கபுலோங் என்கிற ஆண் நர்ஸ். பிப்ரவரியில் வந்தவன், மலைமேல் விடுதியில் தங்கி, ஹிலாரியோவின் சக்கரத்தை அறையிலேயே நூறு நிரப்பிக்கொண்டு விடுதி வாசலிலிருந்து இறங்கினவன். விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. ஓட்டத் தெரியாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று ஹிலாரியோ குழுவில் எழுதினான். எல்மெர் தன் சொந்தச் சக்கரத்தையே யாருக்கோ விற்றுவிட்டான் என்று பிறகு கேள்வி.

"சொல்லுங்க மனோங்," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டது போன். "உங்க சக்கரத்துல இன்னும் ஏதாவது ஒடைஞ்சிருக்கா?"

"சக்கரம் நல்லாத்தான் இருக்கு எல்மெர்." ஹிலாரியோ தொண்டையைச் செருமினான். "நீ விழுந்தது உன் தப்பு இல்லப்பா. நூறு நெரப்பச் சொன்னது நான். மேட்டுலேருந்து நேரா எறங்கினா அது ஆளைத் தள்ளிவிடும். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னும் சொல்ல முடியாது. ஒருத்தங்க எழுதிச் சொன்னாங்க, நான் சிரிச்சுட்டுப் போயிட்டேன்."

ஹிலாரியோ சத்தத்தை இன்னும் கூட்டி, போனை மேஜை நடுவில் வைத்தான்.

"எனக்கு பிரேக் பிடிக்கத் தெரியலன்னு என் பொண்டாட்டிகிட்டயே சொல்லிட்டேன் மனோங்," என்றான் எல்மெர்.

"இன்னைக்கே மாத்திச் சொல்லு. நானும் குழுவுல எழுதுறேன்."

"எழுதிச் சொன்னது யாரு?"

"எஸ்தெலா மனாங். எதிர்லதான் உக்காந்திருக்காங்க."

போன் மேஜைக்கு மேல் கைமாறி வந்தது. எஸ்தெலா அதை வாங்கி வாய்க்கு நேரே பிடித்தாள்.

"மனாங்," என்றான் எல்மெர், "நான் திரும்ப ஒரு தடவ பாகியோ வந்தா, உங்க சக்கரத்தைக் குடுப்பீங்களா?"

பதினாலு மாதமாக அவள் காத்திருந்த கேள்வி அது. எஸ்தெலாவுக்குக் கண் கரித்தது. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எப்ப வர்ற?" என்றாள். குரல் வேண்டியதைவிட ஓங்கித்தான் வந்தது. ஆற்றங்கரையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான்.